நீர்த்தேக்க இயக்கத்தையும் நீர்ப் பங்கீட்டையும் கணினியில் மாதிரியாக்குவது எப்படி?

ஓர் அணையின் கணினி மாதிரி என்பது அடிப்படையில் ஒரு வரவு செலவுக் கணக்கு. மாதத் தொடக்கத்தில் எவ்வளவு நீர் இருந்தது, எவ்வளவு வந்தது, எவ்வளவு ஆவியானது, யாருக்கு எவ்வளவு திறந்துவிடப்பட்டது, முடிவில் எவ்வளவு மீந்தது என்பதைத்தான் அது மீண்டும் மீண்டும் கணக்கிடுகிறது. இதில் கடினமான கணிதம் அதிகம் இல்லை. நீர் போதாத மாதத்தில் யாருக்கு எவ்வளவு குறைப்பது என்ற முடிவை ஐயத்திற்கு இடமின்றி எழுதி வைப்பதுதான் கடினம். புதிதாக இத்துறைக்கு வருபவர்கள் மென்பொருளின் பொத்தான்களைக் கற்பதில் வாரக்கணக்கில் செலவிட்டு, இந்த முடிவை மென்பொருளின் இயல்புநிலை அமைப்புகளிடம் விட்டுவிடுகிறார்கள். அந்தத் தவறைத் தவிர்க்கும் வரிசையிலேயே இந்த வழிகாட்டியின் படிகள் அமைக்கப்பட்டுள்ளன.

முதல் படி: கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

"இந்த ஆற்றுப் படுகைக்கு ஒரு மாதிரி வேண்டும்" என்பது கேள்வி ஆகாது. "கடந்த 40 ஆண்டு நீர்வரத்து மீண்டும் அதே வரிசையில் வந்தால், புதிய குடிநீர்த் திட்டத்தால் பாசனத்திற்கு எத்தனை பருவங்களில் எவ்வளவு குறையும்?" என்பது கேள்வி. அப்படி எழுதிவிட்டால் கால இடைவெளி, எல்லை, தேவைப்படும் தரவு ஆகிய மூன்றும் பெரும்பாலும் தாமாகவே தெளிவாகிவிடும்.

நீண்டகாலப் பங்கீட்டுக்கு மாத இடைவெளி பொதுவாகப் போதும். ஆற்றில் குறைந்தபட்ச நீரோட்டம் காக்கப்படுகிறதா, வாய்க்கால் முறைவைத்துத் திறக்கப்படும்போது கடைமடைக்கு நீர் எட்டுகிறதா என்று பார்க்க வேண்டுமானால் நாள் இடைவெளி வேண்டும். வெள்ளக் காலக் கதவு இயக்கத்திற்கு மணி இடைவெளிக்குச் செல்லாமல் முடியாது. மாத மாதிரியில் வெள்ளம் தெரியாது. ஒரு மாதத்தின் சராசரி நீர்வரத்துக்குள் மூன்று நாள் பெருவெள்ளம் மறைந்துவிடும். அதேபோல் மணி இடைவெளியில் ஐம்பது ஆண்டுப் பங்கீட்டை ஓட்டுவது தரவில் இல்லாத துல்லியத்தை இருப்பதாகக் காட்டிக்கொள்வதே ஆகும்.

இடைவெளி குறையும்போது நீர் பயணிக்கும் நேரத்தையும் கணக்கில் கொள்ள வேண்டியிருக்கும். அணையிலிருந்து கதவணைக்கு நீர் சென்று சேர மூன்று நாள் ஆகுமென்றால், மாத மாதிரியில் அதைப் புறக்கணிக்கலாம். நாள் மாதிரியில் புறக்கணித்தால், இன்று திறந்த நீர் இன்றே கடைமடையில் நிற்பதாக மாதிரி சொல்லும்.

இரண்டாம் படி: ஆற்றைக் கணுக்களாகவும் இணைப்புகளாகவும் வரையுங்கள்

கணினியைத் தொடுமுன் ஒரு பெரிய தாளில் இதைச் செய்வது நல்லது. நீர்த்தேக்கம், ஆறுகள் கூடும் இடம், வாய்க்கால் பிரியும் தலைமதகு, குடிநீர் எடுக்கும் இடம், பாசனப் பரப்பு, நீரளவு நிலையம் ஆகியவை கணுக்கள். அவற்றை இணைக்கும் ஆற்றுப் பகுதிகளும் வாய்க்கால்களும் குழாய்களும் இணைப்புகள். ஒவ்வோர் இணைப்புக்கும் அது கொண்டுசெல்லக்கூடிய உச்ச அளவை எழுதுங்கள். பல படுகைகளில் நீர் இருந்தும் தேவை நிறைவேறாததற்குக் காரணம் வாய்க்காலின் கொள்திறனே ஆகும்.

பாசனத்திற்கு எடுக்கும் நீரில் ஒரு பங்கு வடிகால் வழியாகவோ நிலத்தடி வழியாகவோ மீண்டும் ஆற்றுக்கு வரும். இந்தத் திரும்பு நீரைப் படத்தில் தனி அம்புக்குறியாகக் காட்டுங்கள். இதைவிட்டால், மேலே சிக்கனப்படுத்திய நீர் முழுவதும் கீழே மிச்சமாகும் என்ற பொய்க்கணக்கு கிடைக்கும். உண்மையில் மேல்பகுதியின் வீணில் ஒரு பங்கு கீழ்ப்பகுதியின் வரவாக ஏற்கெனவே இருந்துவருகிறது.

கணுக்களின் எண்ணிக்கையை அடக்கி வையுங்கள். கேள்விக்கு விடை மாறாத வரையில் பத்துச் சிறு பாசனப் பரப்புகளை ஒன்றாகச் சேர்ப்பதில் தவறில்லை. ஆனால் வெவ்வேறு உரிமை அல்லது முன்னுரிமை உடையவற்றை ஒன்றாகச் சேர்க்கக் கூடாது.

மூன்றாம் படி: தரவைச் சேகரித்து, நம்பாமல் சோதியுங்கள்

உங்களுக்குக் குறைந்தது ஐந்து வகைத் தரவு தேவை: ஒவ்வொரு கிளை ஆற்றின் நீர்வரத்து, நீர்த்தேக்கத்தின் நீர்மட்டம்–பரப்பு–கொள்ளளவு அட்டவணை, ஆவியாதல் வீதம், தேவைகள், மதகுகளும் உபரிநீர்ப் போக்கிகளும் வெளியேற்றக்கூடிய அளவு.

இங்கே சிக்கவைக்கும் முதல் பொறி அலகுகள். நொடிக்கு 1 கன மீட்டர் என்ற ஓட்டம் ஒரு நாளில் 86,400 கன மீட்டர். 30 நாள் மாதத்தில் 2.592 மில்லியன் கன மீட்டர், 31 நாள் மாதத்தில் 2.678 மில்லியன் கன மீட்டர். எல்லா மாதங்களையும் 30 நாளாக வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு ஐந்து நாள் நீர் எங்கோ காணாமல் போகும். நொடிக்கு 1,000 கன அடி ஒரு நாள் முழுவதும் ஓடினால் 8.64 கோடி கன அடி, அதாவது 0.0864 டி.எம்.சி.; ஒரு டி.எம்.சி. (100 கோடி கன அடி) என்பது ஏறத்தாழ 28.3 மில்லியன் கன மீட்டர். ஓட்டத்தையும் கன அளவையும் ஒரே நெடுவரிசையில் கலந்துவிடுவது அனுபவசாலிகளும் செய்யும் பிழை. எனவே ஒவ்வொரு நெடுவரிசையின் தலைப்பிலும் அலகை எழுதும் பழக்கத்தை முதல் நாளே கைக்கொள்ளுங்கள்.

இரண்டாம் பொறி நீர்வரத்து. பல அணைகளில் நீர்வரத்தை யாரும் நேரடியாக அளப்பதில்லை. இருப்பு மாற்றம், வெளியேற்றம், ஆவியாதல் ஆகியவற்றிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுகிறார்கள். 20 சதுர கிலோமீட்டர் நீர்ப்பரப்பில் நீர்மட்ட அளவீடு ஒரே ஒரு சென்டிமீட்டர் பிசகினால் அது 2 லட்சம் கன மீட்டர். ஒரு நாளுக்கு அதைப் பரப்பினால் நொடிக்கு 2.3 கன மீட்டர். கோடைக்காலத்தில் ஆற்றின் உண்மையான ஓட்டமே அவ்வளவுதான் இருக்கலாம். ஆகையால் நாள் தரவில் எதிர்மறை நீர்வரத்து தென்பட்டால் வியப்படைய வேண்டாம். அவற்றைப் பூச்சியமாக்கியும் விடாதீர்கள். எதிர்மறைகளை மட்டும் அழித்தால் பிழையின் ஒரு பாதி போய், மறுபாதி கூடுதல் நீராக ஆண்டுக் கணக்கில் சேர்ந்துவிடும். சில நாள்களின் நகரும் சராசரியை எடுத்து, மாத மொத்தம் மாறாமல் பார்த்துக்கொள்வதே தக்க வழி.

மேலும், நீரளவு நிலையத்தில் பதிவானது மேலே உள்ளவர்கள் எடுத்ததுபோக மீந்த நீர். முப்பது ஆண்டுகளில் மேல்பகுதிப் பாசனம் பெருகியிருந்தால், தொடக்க ஆண்டுகளின் பதிவும் கடைசி ஆண்டுகளின் பதிவும் ஒரே ஆற்றைப் பற்றியவை அல்ல. எடுத்த நீரைத் திரும்பக் கூட்டி, மேலணைகளின் இருப்பு மாற்றத்தையும் திருத்தி, மனிதத் தலையீடு இல்லாத இயல்பு நீரோட்டத்தை மீட்டெடுத்த பிறகே அதை மாதிரிக்குள் செலுத்த வேண்டும். இல்லையேல் மேல்பகுதித் தேவையை இரண்டு முறை கழிப்பீர்கள்.

மூன்றாம் பொறி கொள்ளளவு அட்டவணை. அணை கட்டியபோது வரைந்த அட்டவணையை வண்டல் படிந்த பிறகும் பயன்படுத்துவது, செலவழித்த பணத்தை வங்கி இருப்பில் காட்டுவதைப் போன்றது. கடைசியாக அளவாய்வு நடந்த ஆண்டு எது என்று கேட்டு, அதை அறிக்கையின் முதற்பக்கத்திலேயே குறிப்பிடுங்கள்.

பதிவுகள் எந்தக் காலத்தவை என்பதும் அதே அளவு முக்கியம். வட அமெரிக்காவின் கொலராடோ ஆற்றை 1922ஆம் ஆண்டு உடன்படிக்கை மேல் படுகைக்கும் கீழ்ப் படுகைக்கும் ஆண்டுக்கு 75 லட்சம் ஏக்கர்-அடி வீதம், அதாவது ஏறத்தாழ 925 கோடி கன மீட்டர் வீதம் பிரித்துக் கொடுத்தது. அப்போது கையில் இருந்த குறுகிய பதிவு வழக்கத்திற்கு மாறான ஈரமான ஆண்டுகளைச் சேர்ந்தது என்பதைப் பிற்கால மர வளைய ஆய்வுகள் காட்டின. ஆற்றில் சராசரியாக ஓடாத நீரைத் தாளில் பங்கிட்டுவிட்டதன் விளைவை அப்படுகை இன்றும் சுமக்கிறது. உங்கள் நீர்வரத்துத் தொடரில் குறைந்தது ஒரு கடுமையான பல்லாண்டு வறட்சியாவது இருக்கிறதா என்று பாருங்கள்.

நான்காம் படி: ஒரே அணையை விரிதாளில் கையால் ஓட்டுங்கள்

இந்தப் படியைத் தாண்டிக் குதிப்பவர்கள் பிறகு மென்பொருள் சொல்வதைச் சரிபார்க்க வழியின்றி நிற்பார்கள். ஆகவே ஒரு கற்பனை அணையை எடுத்துக்கொண்டு மூன்று மாதங்களை முழுமையாகக் கணக்கிடுவோம். கீழ்வரும் அளவுகள் யாவும் மில்லியன் கன மீட்டரில் உள்ளன.

மொத்தக் கொள்ளளவு 400. அதில் மதகுக்குக் கீழே உள்ள பயன்படாக் கொள்ளளவு 40. மாதத் தேவைகள்: குடிநீர் 8, ஆற்றின் உயிர்ச்சூழலைக் காக்க ஆற்றிலேயே விடும் சூழல் நீரோட்டம் 12, பாசனம் 60, ஆக மொத்தம் 80. முன்னுரிமையும் இதே வரிசை. தொடக்க இருப்பு 150. மூன்று மாத நீர்வரத்து 30, 15, 10. ஆவியாதல் மாதத்திற்கு 150 மில்லிமீட்டர். நீர்ப்பரப்பு, இருப்பு 150 ஆக இருக்கும்போது 20 சதுர கிலோமீட்டர், 97இல் 14, 40இல் 8. இடைப்பட்டவற்றை நேர்கோட்டு விகிதத்தில் கணிக்கலாம். எளிமைக்காக மாதத் தொடக்கப் பரப்பையே ஆவியாதலுக்கு எடுக்கிறோம். நல்ல மென்பொருள்கள் தொடக்கப் பரப்புக்கும் முடிவுப் பரப்புக்கும் சராசரி கண்டு, விடை நிலைபெறும் வரை திரும்பத் திரும்பக் கணக்கிடும்.

விதி இல்லாத விதி ஒன்று உண்டு: இருக்கும் வரை கேட்டதைக் கொடு, தீர்ந்தால் நிறுத்து. இதை வழக்கநிலை இயக்கமுறை என்பார்கள். முதல் மாதம் 150 + 30 − 3 = 177; தேவை 80 முழுவதும் கொடுத்தால் இருப்பு 97. இரண்டாம் மாதம் 97 + 15 − 2.1 = 109.9, பயன்படாக் கொள்ளளவுபோக எடுக்கத்தக்கது 69.9. குடிநீருக்கு 8, ஆற்றுக்கு 12, பாசனத்திற்கு எஞ்சிய 49.9. இருப்பு 40. மூன்றாம் மாதம் 40 + 10 − 1.2 = 48.8, எடுக்கத்தக்கது வெறும் 8.8. குடிநீருக்கு 8 போக, ஆற்றுக்கு 0.8, பாசனத்திற்கு ஒன்றுமில்லை. கதிர் முற்றும் மாதத்தில் வயலுக்கு நீர் நின்றுபோகிறது.

இப்போது வேறொரு விதி: மாதத் தொடக்கத்தில் இருப்பு 160க்குக் கீழே இருந்தால் பாசனத்திற்கு 60 விழுக்காடு, அதாவது 36 மட்டும் கொடுக்க வேண்டும். முதல் மாதம் 177இலிருந்து 56 கொடுக்க, இருப்பு 121. இரண்டாம் மாதம் ஆவியாதல் 2.5, 121 + 15 − 2.5 = 133.5, 56 கொடுக்க, இருப்பு 77.5. மூன்றாம் மாதம் ஆவியாதல் 1.8, 77.5 + 10 − 1.8 = 85.7, எடுக்கத்தக்கது 45.7. குடிநீர் 8, ஆறு 12, பாசனம் 25.7.

இரண்டு கணக்குகளையும் அருகருகே வையுங்கள். முதல் விதியில் வழங்கிய மொத்த நீர் 158.7, இரண்டாவதில் 157.7. குறைந்த அந்த ஒன்று, நீரைக் கூடுதல் நாள் தேக்கி வைத்ததால் கூடுதலாக ஆவியான 1.0க்குச் சரியாக ஈடாகிறது (6.3க்குப் பதில் 7.3). தொடக்க இருப்பு, நீர்வரத்து, ஆவியாதல், வழங்கல், இறுதி இருப்பு ஆகியவை ஒவ்வொரு கணக்குக்குள்ளும் கடைசித் தசமம் வரை ஒன்றுக்கொன்று சரியாகின்றன: 150 + 55 − 6.3 − 158.7 = 40; 150 + 55 − 7.3 − 157.7 = 40. எந்த மாதிரியை ஓட்டினாலும் முதலில் செய்ய வேண்டிய சோதனை இதுவே. கணக்கு மூடவில்லையென்றால் எந்த வரைபடத்தையும் யாருக்கும் காட்டாதீர்கள்.

பிந்தைய விதி, வருங்கால நெருக்கடிக்காக இன்றே குறைத்துக் கொடுப்பது. நீரின் மொத்தம் ஏறக்குறைய மாறவில்லை. யார் எப்போது பட்டினி கிடக்கிறார்கள் என்பது மட்டும் அடியோடு மாறியிருக்கிறது.

ஐந்தாம் படி: இயக்க விதிகளை எழுதுங்கள்

உண்மையான அணைகளில் கொள்ளளவு பல அடுக்குகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும்: அடியில் பயன்படாக் கொள்ளளவு, அதற்கு மேல் குறைத்து வழங்க வேண்டிய காப்பு அடுக்கு, பிறகு இயல்பாக வழங்கும் சேமிப்பு அடுக்கு, உச்சியில் வெள்ளத்திற்காகக் காலியாக வைக்க வேண்டிய அடுக்கு. இந்த எல்லைகள் ஆண்டு முழுவதும் ஒரே மட்டத்தில் இருப்பதில்லை. மழைக்காலத்திற்கு முன் வெள்ள அடுக்கு பெரிதாகவும், மழை ஓயும்போது சிறிதாகவும் இருக்கும். இந்த மாற்றத்தைக் காட்டும் கோடே விதி வளைகோடு எனப்படுகிறது.

ஒவ்வோர் அடுக்கிலும் என்ன செய்ய வேண்டும் என்பதை "இருந்தால்–எனில்" வடிவில் எழுதுங்கள். விதிகள் ஒன்றோடொன்று மோதும்போது எது மேலோங்கும் என்பதையும் எழுத வேண்டும். "கீழ்ப்பகுதி ஊரில் கரையைத் தாண்டாதபடி வெளியேற்றத்தைக் கட்டுப்படுத்து" என்ற விதியும் "வெள்ள அடுக்கை விரைவில் காலி செய்" என்ற விதியும் ஒரே நாளில் முரண்படுவது உறுதி. கதவை எவ்வளவு வேகமாக உயர்த்தலாம், தாழ்த்தலாம் என்ற வரம்பையும் மறக்க வேண்டாம்.

ஒரே ஆற்றில் பல அணைகள் இருந்தால், எதிலிருந்து முதலில் எடுப்பது என்ற கேள்வி எழும். பொதுவான அறிவுரை: உபரியாக வழிந்தோடும் வாய்ப்பு அதிகமுள்ள அணையிலிருந்தும், ஒரே அளவு நீருக்கு அதிகப் பரப்பை வெயிலில் காட்டும் ஆழமற்ற அணையிலிருந்தும் முதலில் எடுக்க வேண்டும், மேலணை நீரால் கீழணையை நிரப்ப முடியும், கீழணை நீர் மேலே ஏறாது என்பதால் தொடர் அணைகளில் கீழே உள்ளதை முதலில் பயன்படுத்துவது நெகிழ்வைக் காக்கும். நீர்மின் நிலையம் இருந்தால் இந்த அறிவுரை மாறக்கூடும், ஏனெனில் அங்கே நீரின் அளவோடு அதன் உயரமும் மதிப்புடையது.

ஆறாம் படி: முன்னுரிமையைக் கணினிக்குப் புரியவைத்தல்

எளிய விரிதாள் மேலிருந்து கீழாகக் கணுக்களைக் கணக்கிடும். அதனால் உரிமை என்னவாக இருந்தாலும் ஆற்றின் மேல்பகுதியில் இருப்பவருக்கே முதலில் நீர் கிடைத்துவிடும். இதைச் சரிசெய்யவே பெரும்பாலான பங்கீட்டு மென்பொருள்கள் ஒவ்வொரு கால இடைவெளியிலும் ஒரு நேரியல் திட்டமிடல் கணக்கைத் தீர்க்கின்றன. ஒவ்வொரு தேவைக்கும் ஓர் எடை கொடுக்கப்படும். எடைகளின் மொத்தப் பயன் உச்சமாகும்படி நீர் பிரிக்கப்படும். இருப்பில் வைப்பதும் ஓர் எடையுள்ள தேவையாகவே கருதப்படும்.

இங்கே மூன்று இடங்களில் தடுக்கி விழலாம். முதலாவது, சம எடை. இரண்டு ஊர்களுக்கு ஒரே எடை கொடுத்தால், தட்டுப்பாட்டில் ஒன்றுக்கு முழுவதையும் மற்றதற்கு ஒன்றுமில்லாமலும் கொடுப்பது கணிதத்தின் பார்வையில் குற்றமற்ற விடை. சம விகிதத்தில் குறைக்க வேண்டுமென்றால் அதைத் தனி நிபந்தனையாகவே எழுத வேண்டும்.

இரண்டாவது, நான் மிகுதியாகக் கண்ட பிழை: எடைகளை நெருக்கமாக வைப்பது. மேல்பகுதியில் நீரை முழுவதும் உறிஞ்சிவிடும், முன்னுரிமையில் முதலிடம் பெற்ற மூத்த உரிமையாளருக்கு எடை 10 என்றும், கீழே சூழல் நீரோட்டத்திற்கு 6, அதற்கும் கீழே ஒரு பாசனத்திற்கு 6 என்றும் வைத்துக்கொள்ளுங்கள். சூழல் நீரோட்டமாகச் சென்ற அதே நீரைக் கீழே பாசனத்திற்கும் எடுக்கலாம் என்பதால், ஒரு கன மீட்டர் நீரைக் கீழே அனுப்பினால் 12 கிடைக்கும். மூத்தவருக்குக் கொடுத்தால் 10தான். கணினி மூத்தவரைப் பட்டினி போடும், ஓர் எச்சரிக்கையும் தராது. எடைகளை 1, 10, 100 என்று வெகு தொலைவில் வைப்பதோ, முன்னுரிமை வாரியாக ஒவ்வொன்றாகத் தீர்த்து, கிடைத்ததைப் பூட்டிவிட்டு அடுத்ததற்குச் செல்வதோ இதற்குத் தீர்வு.

மூன்றாவது, முக்காலமும் அறிதல். நாற்பது ஆண்டுகளையும் ஒரே உகப்பாக்கக் கணக்காக, அதாவது மிகச் சிறந்த விடையைத் தேடும் கணக்காகத் தீர்த்தால், வரப்போகும் வறட்சியை முன்கூட்டியே அறிந்த மாதிரி அதற்கேற்பத் துல்லியமாகச் சேமிக்கும். அணைப் பொறியாளருக்கு அந்த வரம் கிடையாது. அத்தகைய முடிவை எட்டக்கூடிய உச்ச எல்லையாகக் காட்டலாமே தவிர, எதிர்பார்க்கத்தக்க விளைவாகக் காட்டக் கூடாது.

ஏழாம் படி: இப்போது மென்பொருளைத் தேர்ந்தெடுங்கள்

வெள்ளக் கட்டுப்பாடும் அடுக்கு வாரியான விதிகளும் முதன்மையானவை என்றால், அமெரிக்க ராணுவப் பொறியாளர் படையின் நீரியல் பொறியியல் மையம் இலவசமாக வழங்கும் ஹெச்.இ.சி–ரெஸ்சிம் பொருத்தமானது. படுகை அளவிலான பங்கீட்டைத் தொடக்க நிலையில் விரைவாக அமைக்க, ஸ்டாக்ஹோம் சூழல் நிறுவனம் உருவாக்கிய வீப் எளிது. அதில் முன்னுரிமை 1 முதல் 99 வரை எண்களாக அமைகிறது, 1 என்பதே உயர்ந்தது. இருப்பு குறையும்போது குறைத்து வழங்க அதிலும் காப்பு அடுக்கு உண்டு; ஆனால் அது நம் விரிதாள் விதியைப் போலத் தேவையில் ஒரு விழுக்காட்டை அல்ல, அந்த அடுக்கில் உள்ள நீரில் ஒரு பங்கையே வழங்கும். கொலராடோ பல்கலைக்கழகத்தின் ரிவர்வேர், சட்டங்களும் உடன்படிக்கைகளும் நிறைந்த சிக்கலான படுகைகளுக்கு விதிமொழி ஒன்றையே தருகிறது, கட்டணம் உண்டு. கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் மோட்சிம், கணுக்களும் இணைப்புகளும் கொண்ட வலையில் நீரைப் பிரித்து ஓடவிடும் வலையோட்ட முறையில் இயங்குவது. பைத்தான் நிரல் எழுதத் தெரிந்தவர்களுக்குப் பைவர் என்ற திறந்த மூல நூலகம் உண்டு. ஆயிரக்கணக்கான முறை ஓட்ட வேண்டிய ஆய்வுகளுக்கு அது கைகொடுக்கும்.

எதைத் தேர்ந்தாலும், மேலே செய்த மூன்று மாதக் கணக்கை அதில் முதலில் அமைத்து, 49.9உம் 25.7உம் வருகின்றனவா என்று பாருங்கள். ஆவியாதலைக் கையாளும் முறையால் சிறு வேறுபாடு வரலாம்; அதற்கு மேல் வந்தால் நீங்கள் நினைத்த விதி ஒன்று, மென்பொருள் படித்த விதி வேறொன்று என்று பொருள்.

எட்டாம் படி: கடந்த காலத்தோடு ஒப்பிடுங்கள்

பதிவான நீர்வரத்தையும் அக்காலத்தில் நடைமுறையில் இருந்த விதிகளையும் கொடுத்து, மாதிரி காட்டும் இருப்பை உண்மையான இருப்போடு ஒப்பிட வேண்டும். பதிவின் ஒரு பகுதியை வைத்துச் சரிசெய்து, தொடாமல் வைத்த மறுபகுதியில் சோதிப்பதே நேர்மை. இருப்பு வரைபடம் மட்டும் பொருந்தினால் போதாது. வறண்ட ஆண்டுகளில் ஒவ்வொரு வாய்க்காலுக்கும் சென்ற நீரும் பொருந்த வேண்டும், ஏனெனில் இரு பிழைகள் ஒன்றையொன்று ஈடுசெய்து இருப்பை அழகாகக் காட்டக்கூடும்.

பொருந்தாத இடங்களில் கெழுக்களைத் திருகுவதற்கு முன் அந்த ஆண்டில் என்ன நடந்தது என்று கேட்டுப் பாருங்கள். மதகு பழுது, கரை உடைப்பு, விழாக் காலத் திறப்பு, போராட்டத்திற்குப் பிறகு வந்த அரசாணை என எழுதப்படாத காரணங்கள் பல இருக்கும். அவற்றைக் கெழுக்களுக்குள் புதைத்தால், வருங்காலக் கணிப்பில் அதே போராட்டம் ஆண்டுதோறும் நடப்பதாக மாதிரி எடுத்துக்கொள்ளும்.

ஒன்பதாம் படி: எதை வெற்றி என்று அளப்பது?

ஹாஷிமோட்டோ, ஸ்டெடிங்கர், லாக்ஸ் ஆகியோர் 1982இல் முன்வைத்த மூன்று அளவுகோல்கள் இன்றும் புழக்கத்தில் உள்ளன: எத்தனை முறை தேவை முழுமையாக நிறைவேறியது என்ற நம்பகத்தன்மை, தவறியபின் எவ்வளவு விரைவில் மீள்கிறது என்ற மீள்திறன், தவறும்போது எவ்வளவு ஆழமாகத் தவறுகிறது என்ற பாதிப்புநிலை.

இவற்றை நம் கற்பனை அணைக்குப் பொருத்திப் பாருங்கள். முதல் விதியில் பாசனத் தேவை மூன்றில் ஒரு மாதம் முழுமையாக நிறைவேறியது. நம்பகத்தன்மை 33 விழுக்காடு. குறைத்துக் கொடுத்த விதியில் ஒரு மாதம்கூட முழுமையாக இல்லை, நம்பகத்தன்மை பூச்சியம். கன அளவில் பார்த்தாலும் 180இல் 109.9, அதாவது 61 விழுக்காடு ஒருபுறம்; 97.7, அதாவது 54 விழுக்காடு மறுபுறம். இந்த இரண்டு எண்களை மட்டும் பார்க்கும் அதிகாரி முதல் விதியையே தேர்ந்தெடுப்பார். ஆனால் மிக மோசமான மாதத்தின் பற்றாக்குறை முதல் விதியில் 100 விழுக்காடு, இரண்டாவதில் 57. ஆற்றுக்குக் கிடைத்தது முதல் விதியில் 36இல் 24.8, இரண்டாவதில் முழுவதும். எந்த அளவுகோலை அட்டவணையின் முதல் நெடுவரிசையில் வைக்கிறீர்கள் என்பதே பாதி முடிவைத் தீர்மானித்துவிடும். ஆகையால் அளவுகோல்களை மாதிரியை ஓட்டுவதற்கு முன்பே, நீரைப் பயன்படுத்துவோரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். முடிவைப் பார்த்த பிறகு அளவுகோலைத் தேடக் கூடாது.

பத்தாம் படி: ஒரே வரலாற்றை நம்பாதீர்கள்

தேக்கத்தின் அளவைக் கணிக்க 1883இல் ரிப்பிள் வெளியிட்ட, நீர்வரத்தைத் தொடர்ந்து கூட்டிக்கொண்டே வரையும் திரள் வளைகோட்டு முறை, பதிவில் உள்ள மிக மோசமான வறட்சியை வைத்தே கணக்கிடுகிறது. அடுத்த வறட்சி அதே நீளத்தில் வரும் என்பதற்கு உறுதி இல்லை. வரலாற்றுத் தொடரை வெவ்வேறு ஆண்டிலிருந்து தொடங்கிச் சுழற்றி ஓட்டுவது எளிய பரிகாரம். அடுத்த நிலையில், பதிவின் சராசரி, பரவல், ஒரு மாதத்திற்கும் அடுத்ததற்கும் உள்ள தொடர்பு ஆகியவற்றைக் காத்துக்கொண்டு நூற்றுக்கணக்கான செயற்கைத் தொடர்களை உருவாக்கலாம். 1962இல் தாமஸும் ஃபியரிங்கும் அளித்த மாத மாதிரி இதற்கான பழைய, இன்றும் பயன்படும் கருவி. ஆனால் அது பல்லாண்டு நீளும் வறட்சிகளைக் குறைத்தே காட்டும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். தொடக்க இருப்பையும் மாற்றிப் பாருங்கள். நிரம்பிய அணையோடு தொடங்கும் பத்தாண்டு ஓட்டத்தில் முதல் ஓரிரு ஆண்டுகள் இரவல் நீரில் ஓடுகின்றன.

இருப்பின் ஒவ்வொரு நிலைக்கும் சிறந்த முடிவைக் கணக்கிடும் இயங்கு திட்டமிடல் போன்ற உகப்பாக்க முறைகளைத் தொடக்கத்திலேயே தொட வேண்டாம். ஒவ்வோர் அணையின் இருப்பையும் 10 மட்டங்களாகப் பிரித்தால் 5 அணைகளுக்கு 1 லட்சம் நிலைகள், 10 அணைகளுக்கு 1,000 கோடி நிலைகள். விதியை எழுதி, ஓட்டிப் பார்த்து, திருத்தி, மீண்டும் ஓட்டுவதன் மூலமே முதல் சில ஆண்டு வேலைகள் நிறைவேறிவிடும்.

எல்லாம் முடிந்தபின், கணினிக்குள் இட்ட விதிகளை எடைகளும் குறியீடுகளும் இல்லாத சாதாரண வாக்கியங்களாக ஒரு தாளில் எழுதி, கதவுகளை உண்மையில் இயக்குபவரிடம் கொடுங்கள். முடிவு வரைபடத்தை அப்போது காட்ட வேண்டாம். மாதிரியிலிருந்து நான்கைந்து இக்கட்டான நாள்களைப் பொறுக்கி, அந்த நாளின் இருப்பையும் நீர்வரத்தையும் மட்டும் சொல்லி, "இந்த நிலையில் நீங்கள் எவ்வளவு திறப்பீர்கள்?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் அளவும் மாதிரி திறந்த அளவும் எங்கே பிரிகின்றனவோ அந்த நாளைக் குறித்துக்கொண்டு, ஐந்தாம் படிக்குத் திரும்புங்கள்.